அறுபதைக் கடந்தவர்களின் கட்டிடம்

என் கணவன் என் மணிக்கட்டை முறித்த அன்று, புறநகரான செவ்ரானிலிருந்து ரயிலேறி நகரத்துக்குள் லா சப்பலில் இருந்த அம்மாவிடம் போனேன். 2012, குளிர்காலம். அம்மா இருந்தது முதியோர் குடியிருப்பில். ஓர் அறை, ஒரு மூலையில் அடுப்பு. அறுபதைக் கடந்தவர்கள்தான் அங்கே வசிக்கலாம். விருந்தாளி சில இரவுகள் தங்கலாம், அதற்கு மேல் கூடாது. எனக்கு நாற்பத்து மூன்று வயது.

சில இரவுகள் சில வாரங்களாயின. நிர்வாகி கண்டுபிடித்துவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் நான் வெளியேற வேண்டும், இல்லாவிட்டால் அம்மாவின் அறையும் போய்விடும் என்றார். பக்கத்து அறைக் கிழவி பூனை வளர்த்தாள். அந்தப் பூனையிடம் யாரும் வயது கேட்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வியாழன் மத்தியானம் என் கணவன் வந்து கதவைத் தட்டினான்.

"அம்மா, திறக்காதேங்கோ," என்றேன்.

"மருமகனை வாசலிலை நிப்பாட்டி வைக்கேலுமே?" சேலையைச் சரிசெய்துகொண்டு போய்த் திறந்தாள். "இருங்கோ தம்பி, தேத்தண்ணி போடுறன்."

அவனும் மரியாதையாகத்தான் கதிரையில் இருந்தான். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பியதும் என் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து முகத்தைச் சுவரில் மோதினான். உடைந்த பல் நாக்கில் கிடந்தது. கட்டுப் போட்டிருந்த கையையே மறுபடி பிடித்து முறுக்கினான். நான் கத்தவில்லை. அவ்வளவு வருடப் பழக்கம்.

சுவர் அதிர்ந்த சத்தத்துக்கு அம்மா திரும்பினாள். அவனுக்கென்று ஊற்றிய கொதிக்கிற தேத்தண்ணியை அவன் முகத்திலேயே வீசினாள். அவன் அலறினான். எனக்குச் சந்தோசமாக இருந்தது, அதை இன்றைக்கும் மறைக்கமாட்டேன். பூனைக் கிழவி ஓடிவந்து பார்த்துவிட்டுப் பொலிசைக் கூப்பிட்டாள்.

அவனைக் கொண்டுபோனார்கள். நிர்வாகி என் வாயைத் துடைக்கத் துணி தந்தார், அழுதும் விட்டார். ஆனால் வெள்ளிக்கிழமை மாறவில்லை. "சட்டத்தை நான் எழுதவில்லை, மேடம்," என்றார்.

மறுநாள் பொபினியில் ஒரு பெண்கள் விடுதியில் இடம் கிடைத்தது. அம்மா தெருவாசல்வரை வந்து என் பையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான்தானே பிள்ளை கதவைத் திறந்தனான்."

அவள்மேல் இருந்த கோபம் இன்னும் ஆறவில்லை. பையை இழுத்து வாங்கினேன்.

"அறுபது வந்த உடனை இஞ்சை வா," என்றாள். "அதுவரைக்கும் அவன்ரை கையாலை செத்துப்போகாதை."