அதேல் அக்காவின் பிரெஞ்சு மாத்திரை

இப்படித்தான் ஆகும் என்று நான் முன்பே சொன்னேன். ரெட்டியார்பாளையத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

எதிர்வீட்டு அதேல் அக்கா போன மாதம்தான் பிரான்சிலிருந்து வந்தார். மனப்பதற்றத்துக்கு அங்கே டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையைச் சாப்பிடுகிறார். அத்தனை வருஷம் இருந்தும் அந்த ஊர் எழுத்து அவருக்கு வராது.

இன்று ஸ்கூட்டரை எடுத்தவர் சொந்த வீட்டுக் கேட்டிலேயே மோதி நின்றார்.

"தல கிர்ருனு சுத்துது தம்பி. பள்ளிக்கூடத்துல பேத்தி காத்துனு இருக்கும்."

"மாத்திர வேலதான். பெட்டியக் குடுங்கக்கா, நான்தான் பிரெஞ்சு படிச்சவனாச்சே."

பெட்டியையும் உள்ளே இருந்த தாளையும் கணீரென்று வாசித்தேன். தூக்கம் வரும், தலை சுற்றும், வண்டி ஓட்டக் கூடாது.

"அப்ப இன்னியோட நிறுத்திடட்டா?"

"டாக்டரக் கேக்காம நிறுத்தக் கூடாதுன்னு போட்டுருக்கான்."

அக்கா சாவியை என் கையில் வைத்தார். பேத்தியை நானே கூட்டிவந்தேன். தெருவே எழுந்து நின்று பார்த்தது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. பெட்டியில் சிவப்பு முக்கோணத்துக்குள் கார் படம் இருந்தது, அதைத்தான் வாசித்தேன். நிறுத்தக் கூடாது என்பது என் சொந்தச் சரக்கு. பிரெஞ்சு தெரிந்தவர்கள் அக்கா ராத்திரி மாத்திரையைப் போடுவதற்குள் சொல்லுங்கள், சரியாகத்தானே வாசித்திருக்கிறேன்?