எக்ஸ்பிரஸின் ஆறு நிமிட நடை

அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்தது ஓட்டல் சலவைப் பிரிவுக்காரர்கள். மற்றவர்கள் ஓர் அறையைப் பெருக்கித் துடைத்து விரிப்பு மாற்றுவதற்குள் அவள் இரண்டை முடித்துவிட்டு மூன்றாவது கதவைத் தட்டிக்கொண்டிருப்பாள். துண்டும் சோப்பும் அடுக்கிய தள்ளுவண்டியோடு தாழ்வாரத்தில் அவள் வருவதைப் பார்த்தால் தங்க வந்தவர்களே சுவரோரம் ஒதுங்கி வழிவிடுவார்கள்.

அப்படிப்பட்டவள் முப்பத்தொன்பதாவது வயதில் ஒரு நாள் பாதித் தாழ்வாரத்தில் வண்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. மறுநாள் மறுபடி வந்தது. பிறகு அது வந்து போகிற விருந்தாளியாக இல்லாமல் வீட்டோடு தங்கிவிட்டது.

ஒரு டாக்டர் ரத்தசோகை என்றார். இன்னொருவர் ஆஸ்துமா என்று உறிஞ்சும் மருந்து கொடுத்தார். மூன்றாமவர் உடம்பைக் குறைக்கச் சொன்னார். குறைத்தாள். உடம்போடு மூச்சும் சேர்ந்து குறைந்தது.

வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. கணவன் பஸ் எஞ்சின் பழுது பார்ப்பவன். எஞ்சினோடு பேசுகிற அளவுக்குக்கூட மனிதர்களோடு பேசமாட்டான். அவன் பேசாத பேச்சையும் சேர்த்துப் பேச அந்த வீட்டில் அவனுடைய அக்கா இருந்தார். எக்ஸ்பிரஸ் அவரை அண்ணி என்று கூப்பிடுவாள். பஸ் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மைக் போய்விட்டது, குரல் போகவில்லை. உப்பு எங்கே என்று கேட்டால்கூட ஒன்பதாவது நடைமேடை வரைக்கும் கேட்கும்.

"வேலைக்கள்ளிக்குப் பிள்ளை மேல சாக்குன்னு சொல்வாங்க. நம்ம வீட்டுல மூச்சு மேல சாக்கு" என்பார் அவர். "துணி துவைக்கும்போது வாங்குற மூச்சு டிவி பாக்கும்போது மட்டும் ஏன் வாங்கமாட்டேங்குது?"

எக்ஸ்பிரஸுக்குப் பதில் சொல்லத் தெரியாமல் இல்லை. பேசவும் மூச்சு வேண்டுமே. அந்தப் பேச்சு சுருக்கென்று தைத்ததைவிட, ஒருவேளை அண்ணி சொல்வதுதான் உண்மையோ என்று அவளுக்கே வந்த சந்தேகம்தான் அதிகம் வலித்தது. சோம்பேறித்தனமும் ஒரு நோய் மாதிரி வருமோ என்று யோசித்திருக்கிறாள்.

கடைக்குப் போய்த் திரும்பிய ஒரு சாயங்காலம், இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவள் கண் இருட்டி அப்படியே பின்பக்கம் சாய்ந்தாள். காய்கறிப் பையோடு பின்னால் வந்துகொண்டிருந்த அண்ணி பையைப் போட்டுவிட்டு அவளைத் தாங்கிக்கொண்டார். தக்காளி படி படியாக உருண்டு கீழே போனது. மடியில் கிடந்தவளின் உதடு நீலம் பாரித்திருந்தது. அதைப் பார்த்தபிறகு அண்ணி அந்தப் பழமொழியை வாயில் எடுக்கவே இல்லை.

மன்னிப்பெல்லாம் அவர் கேட்கவில்லை. கேட்கிற வகையறா அவர் இல்லை. மறுநாள் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவரே அழைத்துப் போனார். திரும்பி வரும்போது ஒரு மடக்கு ஸ்டூல் வாங்கினார். ஒவ்வொரு திருப்பத்திலும் அதை விரித்துப் போட்டு, "உக்காரு" என்றார். உட்கார்ந்தாள். எழுந்ததும் மடக்கி எடுத்துக்கொண்டு அடுத்த திருப்பத்துக்கு முன்னால் போனார்.

ஆஸ்பத்திரியில் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்தவர் முதலில் வளவளவென்று பேசிக்கொண்டிருந்தார். திடீரென்று பேச்சை நிறுத்தினார். கருவியை அதே இடத்தில் திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்துவிட்டு இதய டாக்டரைக் கூப்பிட்டார். அதன்பிறகு கழுத்து ரத்தநாளம் வழியாக மெல்லிய குழாய் ஒன்றை இதயத்துக்குள் செலுத்தி அழுத்தத்தை அளந்தார்கள். முடிவு வந்ததும் அந்த இதய டாக்டரம்மா ஒரு தாளில் படம் வரைந்து விளக்கினார்.

"இதயத்தோட வலது பக்கம் நுரையீரலுக்கு ரத்தம் அனுப்புது. அந்தக் குழாயெல்லாம் உங்களுக்குச் சுருங்கிப்போச்சு. உள்ளே பிரஷர் ஏறிடுச்சு. தள்ளித் தள்ளி வலது பக்கம் வீங்கிப்போயிருக்கு. கையில கட்டிப் பாக்கற பிரஷர் மெஷின்ல இது தெரியாது. நுரையீரல் ரத்த அழுத்தம்னு பேரு. அபூர்வமான நோய்."

சொன்னால் சிரிப்பீர்கள், அவளுக்கு வந்தது அழுகை அல்ல, நிம்மதி. இது சோம்பேறித்தனம் இல்லை. இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. அவள் அந்தத் தாளை வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அண்ணிதான் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாத்திரை தொடங்கியது. ஓரளவு தேவலை என்றாலும் மாடிப்படி மலையாகவேதான் இருந்தது. சில மாதம் கழித்து டாக்டரம்மா ஓர் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார்.

"இப்ப சாப்பிடற மாத்திரையை நிறுத்தமாட்டோம். அதோட சேத்து ஒரு ஊசி. பாதிப் பேருக்குப் புது மருந்து, பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது. முதல் கட்டம் முடிஞ்சதும் எல்லாருக்கும் புது மருந்தையே கொடுப்போம்."

"டாக்டருக்கே தெரியாதா?" என்றார் அண்ணி. "அப்புறம் யாருக்குத்தான் தெரியும்?"

"கம்ப்யூட்டருக்கு."

"நல்லா இருக்கே கதை." அண்ணி அவள் பக்கம் திரும்பினார். "உன்னை எலியாக்கப் பாக்கறாங்க. வா போகலாம்."

"எலியை உக்கார வச்சு விளக்கிச் சொல்லி, சம்மதமான்னு யாரும் கேக்கமாட்டாங்க அண்ணி" என்றாள் அவள். பிறகு டாக்டரிடம் ஒன்று கேட்டாள். "இப்ப நான் சாப்பிடற மாத்திரை இருக்கே, அது வேலை செய்யும்னு எப்படி மேடம் கண்டுபிடிச்சாங்க?"

"இதே மாதிரிதான். அப்பவும் பாதிப் பேர் வெறும் மாத்திரை சாப்பிட்டாங்க."

"அவங்க இப்ப எப்படி இருக்காங்க?"

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "சில பேர் இருக்காங்க. சில பேர் இல்லை."

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அவள் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். எந்த ஊரோ, என்ன பேரோ, வெறும் மாத்திரையை மருந்தென்று நம்பி விழுங்கிய ஒருத்தி. அவள் விழுங்கியதால்தான் இன்று இந்த வீட்டு அலமாரியில் மருந்து இருக்கிறது. கணவனிடம் சொன்னாள். அவன் கையில் ஒட்டியிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே, "அப்ப நீயும் சேந்துக்கோ. ஊசிக்கு அழைச்சிட்டுப் போக நான் லீவு போடறேன்" என்றான். அவனுக்கு அது ஒரு வருடத்துப் பேச்சு.

ஆராய்ச்சியில் அடிக்கடி வந்தது ஆறு நிமிட நடை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தின் இரண்டு முனையிலும் கூம்பு வைத்திருப்பார்கள். முடிந்தவரை இங்குமங்கும் நடக்க வேண்டும், எவ்வளவு தூரம் என்று அளப்பார்கள். நர்ஸ் நிமிடத்துக்கு ஒருமுறை, "நல்லா நடக்கிறீங்க" என்பார். எழுதிக்கொடுத்த வாக்கியத்துக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டார்.

முதல் நடையின்போது அண்ணியால் பொறுக்க முடியவில்லை. "விடாதடி, எட்டிப் போடு காலை" என்று கொடுத்த குரலில் மூன்று வார்டிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

நர்ஸ் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "அம்மா, நீங்க குரல் கொடுத்தா அவங்க கூடுதலா நடந்துடுவாங்க. அப்புறம் அது மருந்தோட வேலையா, உங்க தொண்டையோட வேலையான்னு எங்களுக்குத் தெரியாமப் போயிடும்."

அன்று முதல் நடை நடக்கும் நேரத்தில் அண்ணி கைக்குட்டையை வாயில் வைத்து அழுத்தியபடி உட்கார்ந்திருப்பார். தன் ஆயுளில் அவர் அடைந்த பெரிய துன்பம் அதுதான் என்று பின்னாளில் எக்ஸ்பிரஸ் எல்லாரிடமும் சொல்லுவாள்.

ஊசி போட்டு வந்த புதிதில் அவளுக்குத் தெம்பு கூடியதுபோல் இருந்தது. "எனக்கு நிஜ மருந்துதான் விழுந்திருக்கு" என்று ஓட்டலில் பந்தயம் கட்டாத குறை. நின்று செய்கிற வேலை வேண்டாம் என்று மேலாளர் அவளைத் துணி அறையில் உட்கார வைத்திருந்தார். தலையணை உறைகளை எண்ணி மடித்தபடி அவள் அளக்கிற அளப்பைக் கேட்டுச் சலவைக்காரர்கள் சிரித்தார்கள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நடந்த தூரம் மட்டும் பெரிதாக மாறவில்லை. மாதங்கள் போகப் போகத் தெம்பும் வடிந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஒரு தடவையும் தவறாமல் போனாள்.

அந்தக் கட்டம் முடிந்து எல்லாருக்கும் புது மருந்தே கொடுக்கத் தொடங்கினார்கள். மூன்று நான்கு மாதம் ஆகியிருக்கும். ஒரு நாள் வேலை முடிந்து வரும்போது வாசலில் அண்ணி சேர்ந்துகொண்டார். ஓட்டலில் ஒருவர் குளியல் துண்டைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு சாப்பிட வந்த கதையை அவள் சொல்லிக்கொண்டே ஏறினாள். கதை முடிந்தபோது வீட்டுக் கதவு வந்திருந்தது.

அண்ணி சிரிக்கவில்லை. மடக்கிய ஸ்டூலைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார். "நீ பேசிக்கிட்டே ஏறிட்ட" என்றார். அந்தக் குரலில் அவ்வளவு மெல்லவும் பேச முடியும் என்பது அன்றுதான் தெரிந்தது.

எக்ஸ்பிரஸ் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை நாள் ஸ்டூலைத் தூக்கிய கை காய்த்துப் போயிருந்தது.

அடுத்த வருடம் ஆஸ்பத்திரியில் முடிவைச் சொல்ல எல்லாரையும் அழைத்தார்கள். அதற்கு முன்பே நர்ஸ் தனியாகக் கூப்பிட்டு, முதல் கட்டத்தில் அவளுக்குப் போட்டது வெறும் ஊசி என்று சொல்லியிருந்தார். அண்ணி கொதித்துப் போனார். "அத்தனை குத்தும் வீணா?" என்றார். எக்ஸ்பிரஸுக்கும் முதலில் வருத்தமாகத்தான் இருந்தது. நிஜ மருந்துதான் என்று ஓட்டலில் தான் அளந்ததை நினைத்துப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது.

கூட்டத்தில் டாக்டரம்மா திரையில் ஒரு படம் காட்டினார். யார் எவ்வளவு தூரம் நடந்தார்கள் என்று காட்டும் இரண்டு கோடுகள். மருந்து கிடைத்தவர்களின் கோடு ஏறிக்கொண்டே போனது. இன்னொன்று தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது.

டீ கொடுத்த நேரத்தில், வெல்டிங் வேலை செய்கிற ஒருவர் அவளிடம் வந்து பேச்சுக் கொடுத்தார். "எனக்கு முதல்லேருந்தே மருந்துதான்மா. மேல் கோடு. உங்களுக்கு?"

"கீழே படுத்திருக்கே, அதுதான் நான்" என்றாள்.

அவர் டீயைக் கையில் பிடித்தபடி, "மன்னிச்சிடுங்கம்மா" என்றார்.

"எதுக்குங்க? எனக்கு முன்னாடி யாரோ ஒரு புண்ணியவதி இப்படிக் கீழே படுத்திருந்ததாலதான் நான் மாத்திரை சாப்பிட்டேன். அவங்களைத் தேடிப் போய் நன்றி சொல்ல வழியில்லை. உங்களை நல்லபடியாப் பாத்ததே போதும்."

அவர் டீயை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுக் கை கூப்பினார். அவளும் கூப்பினாள். பக்கத்து நாற்காலியில் இருந்த யாரோ ஓர் அம்மாளிடம் அண்ணி திரையைக் காட்டி, "கீழ இருக்கே கோடு, அது எங்க வீட்டுப் பொண்ணு" என்று சொன்னது அந்தக் கூடம் முழுக்கக் கேட்டது.