கொட்டாங்கச்சியில் மிச்சம் வைத்த தண்ணீர்

மலாயா சுதந்திரம் அடைந்த ஆண்டின் தொடக்கம். மலாக்காவில் காஜா பேராங் பகுதியில் ஒரு பலகை வீட்டில் நானும் என் கணவரும் குடியிருந்தோம். எனக்கு இருபத்திரண்டு வயது. ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் சீவி வளர்ந்தவளுக்குப் பட்டணத்தில் சும்மா உட்காரப் பிடிக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த கையகல இடத்தில் தக்காளி போட்டேன். இப்போது பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்துச் செர்ரி தக்காளி என்று விற்கிறார்களே, ஏறக்குறைய அதுதான். கோலிக்குண்டு அளவுதான் இருக்கும். எஸ்டேட்டை விட்டு வரும்போது முந்தானையில் முடிந்து கொண்டுவந்த விதை.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு செட்டிக் குடும்பம். மலாக்கா செட்டிகள் நம்மைப் போலவே சாமி கும்பிடுகிறவர்கள். ஆனால் வீட்டில் பேசுவது மலாய். அந்த வீட்டுக்கார அம்மாள் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். என்னை 'அடேக்' என்று, தங்கச்சி முறை வைத்துத்தான் கூப்பிடுவார். அவர் கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. நான்கு வயதில் ஒரே ஒரு பெண் குழந்தை.

அந்தக் குழந்தை வேலிச் சந்தில் நுழைந்து வந்து, செடிக்கு அடியில் குந்தி, தக்காளியைப் பறித்து வாயில் போட்டுக்கொள்ளும். நான் லேசுப்பட்டவள் இல்லை. ஒவ்வொரு பழத்தையும் கண்ணாலேயே எண்ணி வைத்திருப்பேன். அதட்டினால், 'சாத்து லாகி' என்று ஒரு விரலைக் காட்டும். இன்னும் ஒன்றே ஒன்றாம். ஒருமுறை கையில் ஓர் அடி கூடப் போட்டிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றும் என் கை எனக்கே பிடிக்காமல் போகும்.

அந்த வருடம் செடியில் புழு விழுந்தது. எஸ்டேட்டில் புழுவுக்குத் தூபா வேரை நசுக்கித் தண்ணீரில் பிழிந்து தெளிப்போம். பிழிந்த தண்ணீர் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். அதே தூபாவை ஆற்றில் கலக்கினால் மீனெல்லாம் மயங்கி மிதக்கும். அந்த மீனைக் குழம்பு வைத்துத் தின்று வளர்ந்தவர்கள் நாங்கள். யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. மீனுக்குத்தான் விஷம், மனிதருக்கு இல்லை என்று சத்தியமாக நம்பினேன். அன்று காலை கெட்டியாகப் பிழிந்து தெளித்துவிட்டு, மிச்சத்தைச் சாயங்காலம் தெளிக்கலாம் என்று ஒரு கொட்டாங்கச்சியில் ஊற்றிச் செடிக்கு அடியிலேயே வைத்தேன். துணி துவைக்கப் போய்விட்டேன்.

மத்தியானம் அந்த அம்மாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கு ஓடி வந்தார். ஓயாமல் வாந்தி. கண் செருகியிருந்தது. மூச்சு இழுத்து இழுத்து வந்தது. அவரைத் திரிஷா வண்டியில் ஏற்றி நானும் கூடப் போனேன். கிளம்பும் முன் செடியடியில் ஒரு பார்வை பார்த்தேன். கொட்டாங்கச்சி காலியாகக் கிடந்தது. கோழி தட்டியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அதைச் சுற்றி மண் ஈரமாக இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவியாக இருந்த டிரஸர் குழந்தையின் தாயிடம் மலாயில் விசாரித்தார். கஞ்சியும் கருவாடும் கொடுத்ததாக அவர் சொன்னார். பிறகு டிரஸர் என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார்.

"நீங்க பக்கத்து வீடா? புள்ள வேற ஏதாச்சும் தின்னுச்சா, குடிச்சிச்சா? யோசிச்சு சொல்லுங்கம்மா."

"தெரியல சார்" என்றேன்.

போலீஸ் வரும், புருஷன் வேலை போய்விடும், ஊரே காறித் துப்பும் என்றெல்லாம் அந்த ஒரு நொடிக்குள் ஓடியது. குழந்தையின் முகம் மட்டும் அந்தக் கணக்கில் வரவில்லை. மறுநாள் விடிவதற்குள் அது போய்விட்டது. சொல்லியிருந்தால் பிழைத்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. இந்தத் 'தெரியாது' மட்டும் நிஜம்.

கணவரிடம் சொன்னேன். "நடந்தது நடந்துபோச்சு. நீ வாயத் தொறக்காத லா. கோழிதான் தட்டியிருக்கும்" என்றார். நானும் வாயை மூடிக்கொண்டேன். எல்லாச் செடியையும் பிடுங்கி எரித்தேன். துக்கத்துக்குப் போய் மற்றவர்களோடு உட்கார்ந்து அழுதேன். அந்த அம்மாள் என் மடியில் தலை வைத்து அழுதார்.

இரண்டு மூன்று மாதம் கழித்து ஒரு நாள் அவர் வேலியோரம் வந்து கூப்பிட்டார். முகத்தில் கொஞ்சம் தெளிவு. தன் பக்கத்துச் சாக்கடை ஓரத்தைக் காட்டினார். அங்கே ஒரு தக்காளிச் செடி. குழந்தை பாதி தின்று துப்பிய பழத்திலிருந்து முளைத்திருக்க வேண்டும். அவர்கள் மாம்பழக் காலத்தில் பார்ச்சு என்று ஒரு சடங்கு செய்வார்கள். இறந்துபோனவர்களை நினைத்து வாழை இலை விரித்துப் பழங்கள் வைப்பது. அந்த இலையில் மகளுக்குப் பிடித்த தக்காளியை வைக்க ஆசைப்பட்டார். ஆனால் செடியில் புழு.

"அடேக், உன் செடிக்கு உபாட் அபா போட்டே? எனக்கும் கொஞ்சம் கொடு" என்று தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழையும் கலந்து கேட்டார். உபாட் என்றால் மருந்து, அபா என்றால் என்ன.

பொய் சொல்ல நூறு வழி இருந்தது. சாம்பல் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் உள்ளங்கையை ஏந்திக்கொண்டு நின்றார். அதைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல என்னால் முடியவில்லை.

"தூபா" என்றேன்.

மலாய் பேசுகிறவர்களுக்கு அந்த ஒரு சொல் போதும், அவர்களுக்கு அது விஷத்தின் பெயர். கொட்டாங்கச்சியைப் பற்றியும் எனக்குத் தெரிந்த மலாயில் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அவர் நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார். அன்றைக்கு அந்த டிரஸர் தமிழில் உன்னிடம் என்ன கேட்டார், நீ என்ன சொன்னாய்?

அதையும் சொன்னேன். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

போலீஸ் வரவில்லை. ஊரும் வரவில்லை. அவர் யாரிடமும் சொல்லவே இல்லை. தினமும் காலையில் அந்தச் செடி முன்னால் குந்தி, இலை இலையாகத் திருப்பி, ஒவ்வொரு புழுவாகக் கையால் எடுத்துப் போடுவார். என் அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும். ஒரு நாளும் தலை நிமிர்ந்து இந்தப் பக்கம் பார்த்ததில்லை. பார்ச்சு அன்று மூன்று பழம் பறித்துக்கொண்டு உள்ளே போனார். மறுநாள் செடியைக் காணவில்லை. ஊர் மெர்டேக்காவுக்கு, சுதந்திர நாளுக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்த சமயத்தில் அவர் வீட்டைக் காலி செய்துவிட்டுக் கணவரிடமே போய்விட்டார்.

என் பேரப்பிள்ளைகள் செர்ரி தக்காளி வாங்கி வந்தால் நான் அந்த இடத்தில் இருப்பதில்லை. அவர் என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால் ஒரு தண்டனையோடு போயிருக்கும். இப்போதோ, யார் என்னிடம் எதைக் கேட்டாலும், நான் வாய் திறப்பதற்குள் அந்த டிரஸர் வந்து நின்று, யோசிச்சு சொல்லுங்கம்மா என்கிறார்.