அம்மாளாச்சிக்கு நான் குறித்துக் கொடுத்த நாள்

1991ஆம் ஆண்டு ஆனி மாதக் கடைசியில் என் இடது கால் முறிந்தது. யாழ்ப்பாணத்தில் ஊரெல்லாம் செல்லுக்கும் குண்டு போடும் பொம்பருக்கும் பயந்து பதுங்குகுழி வெட்டிக்கொண்டிருந்த காலம் அது. என்னை விழுத்தியது ஓர் ஆடு. அச்சுவேலிப் பக்கத்தில் கிளினிக் முடித்துவிட்டு, இன்னும் நாலு வீடு பார்க்க வேண்டும் என்ற அவசரத்தில் குறுகிய ஒழுங்கையால் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தேன். வேலிக்குள்ளிருந்து ஆடு பாய்ந்தது. பிரேக் பிடித்தேன், சைக்கிள் என் மேல் விழுந்தது. எழும்பப் பார்த்தேன். கால் என்னோடு வரவில்லை.

நான் ஒரு குடும்பநல மருத்துவிச்சி. ஊரில் எல்லோருக்கும் மிஸி. அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. எட்டுக் கிராமங்களின் கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் என் பொறுப்பு. வடக்குப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களும் சேர்ந்தபிறகு அந்த வேலை இரண்டு மடங்காகிவிட்டது. பெட்ரோல் இல்லை, மின்சாரம் இல்லை. என் வேலை முழுக்க இரண்டு கால்களிலும் ஒரு சைக்கிளிலும்தான் ஓடியது. அதோடு, ஓரிடத்தில் இரு என்றால் இருக்க முடியாத பிறவி நான். சாப்பாட்டைக்கூட நின்றுகொண்டே விழுங்குகிறவள் என்று என் கணவர் பகிடி பண்ணுவார்.

அந்த நேரம் ஆஸ்பத்திரியில் மாக்கட்டுப் போட மா இல்லை. மருந்துச் சாமான்கள் வருவதே அரிது. ஆஸ்பத்திரிக்குப் போகாமல் நாட்டு வைத்தியம் செய்கிற பெண்களை எத்தனை தரம் ஏசியிருப்பேன்! அந்த நானே முறிவு பார்க்கும் பரியாரியாரிடம் போய்ப் படுத்தேன். அவர் எலும்பைத் தடவிப் பொருத்தி, எண்ணெய்த் துணி சுற்றி, பனஞ்சிலாகை வைத்துக் கட்டினார். நாற்பத்தைந்து நாளைக்குக் கால் நிலத்தில் முட்டக்கூடாது என்றார். நாற்பத்தைந்து நாள்! நான் நாற்பத்தைந்து நிமிடம் சும்மா இருந்ததில்லை.

நாலாம் நாள் என் மேலதிகாரி வந்தார். நல்ல மனுஷிதான். ஆனால் எனக்குப் பதிலாக அனுப்ப அவரிடம் ஆள் இல்லை. அயல் பகுதி மிஸிமார் தங்கள் வேலையையே முடிக்க முடியாமல் திணறினார்கள். ஒரு மாதத்துக்குள் நான் எழும்பாவிட்டால் என் பகுதியைப் பிரித்து அவர்களோடு சேர்க்க வேண்டிவரும், எனக்குக் கந்தோரில் மேசையில் இருந்து செய்யும் பதிவு வேலை தரலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் உண்மையில் என் நெஞ்சைப் பிடித்து உலுக்கியது பகுதி அல்ல. மலர்.

மலர் இடம்பெயர்ந்து வந்த பெண். தோட்டக் காணி ஒன்றின் மூலையில் ஓலைக் கொட்டிலில் மாமியாரோடு இருந்தாள். புருஷன் கொழும்பில் அகப்பட்டு, வர வழியில்லாமல் நின்றான். அதற்கு முன் இரண்டு பிள்ளைகளை வயிற்றிலேயே இழந்தவள். இரண்டு தரமும் பிரஷர் ஏறித்தான். இது மூன்றாவது. நான் விழும்போது அவளுக்கு ஆறு மாதம் முடிந்திருந்தது. புதன்கிழமை தவறாமல் போய்ப் பிரஷர் பார்த்து வந்தேன். கடைசி மாதத்தை ஆஸ்பத்திரிக்குக் கிட்ட எங்கேயாவது கழிக்க வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன். மாமியார் அசையவில்லை. வழியில் செல் விழுந்தால் யார் பொறுப்பு, பிறக்கிற பிள்ளை கொட்டிலிலும் பிறக்கும் என்றார். பிடிவாதக்காரி. எனக்கும் அவருக்கும் சரியாக ஒத்துப்போகவில்லை.

இனி யார் அவளைப் பார்ப்பது? கட்டிலில் கிடந்து நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. என் கணவருக்குக் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை. அவரைத்தான் என் காலாக்கினேன். போகிற வழியில் இந்த வீட்டில் கேளுங்கள், அந்த வீட்டில் கேளுங்கள் என்று துண்டு எழுதிக் கொடுப்பேன். பிள்ளை துடிக்கிறதா, கால் வீங்குகிறதா என்று பெண்களிடம் கேட்க அவருக்கு வெட்கம். வேலிப் படலையடியில் நின்று துண்டை நீட்டி, மிஸி கேட்கச் சொன்னவ என்று மட்டும் சொல்லிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாராம். பதில்கள் பாதிதான் வரும். நான் அவரோடு சண்டை பிடிப்பேன். அந்த நல்ல மனுஷன் எதையும் மனதில் வைக்கவில்லை.

எங்கள் ஊர் அம்மன் கோயிலில் அம்மாளாச்சிக்கு ஆடி மாதம் கொடியேறும். நான் கிடந்த கட்டிலுக்கு மணிச் சத்தம் கேட்கும். ஒருநாள் பூசை மணி கேட்டபோது கும்பிட்டுச் சொன்னேன்: தாயே, தேர் அன்றைக்கு நான் நடக்க வேண்டும். நடந்தால் உன் வீதியில் அடி அழிப்பேன். அடி அழிப்பது தெரியும்தானே. குளித்த ஈரச் சேலையோடு, அடிக்கு அடி முழந்தாளிட்டு, மண்ணில் விழுந்து கும்பிட்டு எழும்பி, வெளிவீதியைச் சுற்றி வருகிற நேர்த்திக்கடன். தேர், கால் முறிந்து இருபத்தாறாம் நாள் வந்தது. பரியாரியார் சொன்னது நாற்பத்தைந்து. அம்மாளாச்சி மனம் வைத்தால் பரியாரியாரின் கணக்கு எந்த மூலைக்கு என்று நினைத்தேன். நாள் பிழைத்தால் அவளுக்குத்தான் மரியாதைக் குறைவு என்றும் சொன்னேன். எவ்வளவு திமிர் பாருங்கள்.

தேர் அன்று காலையில், பார்த்துவிட்டு மட்டும் வருகிறேன் என்று கணவரிடம் சத்தியம் செய்தேன். சைக்கிள் கரியரில் இருத்திக் கொண்டுபோய், கோயில் மதிலோரம் ஊன்றுதடிகளோடு விட்டுவிட்டு, அவர் வடம் பிடிக்கப் போனார். தேர் இழுபட்டது. பின்னால் பெண்கள் அடி அழித்துக்கொண்டு வந்தார்கள். கால் நோவு குறைந்திருந்தது. கால் பொருந்திவிட்டது, நான் நம்பாமல் நிற்பதுதான் குறை என்று பட்டது. நேர்த்தியை முதலில் செய்தால் மிச்சத்தை அவள் தருவாள் என்று கணக்குப் போட்டேன். தடிகளை மதிலில் சாத்தினேன்.

மூன்று தரம் விழுந்து எழும்பினேன். நாலாம் தரம் எழும்பவில்லை. உள்ளே ஏதோ நழுவியது எனக்கே தெரிந்தது. சுடுமணலில் முகம் குப்புறக் கிடந்து கத்தினேன். என்ன கத்தினேன் என்பது நினைவில்லை. நாலைந்து பெண்கள் என்னைத் தூக்கிக்கொண்டு போய்க் கோயில் மடத்தில் கிடத்தினார்கள்.

பரியாரியார் வந்து கட்டை அவிழ்த்தார். எலும்பைத் திரும்பப் பொருத்தும்போது நான் போட்ட சத்தம் ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கும். கட்டி முடித்துக் கை கழுவியபிறகு கேட்டார்:

"ஏன் பிள்ளை, அம்மாளாச்சி உன்னட்டைக் கேட்டவவோ?"

நான் சுவர்ப் பக்கம் திரும்பினேன்.

"இனி ஒண்டிலை இருந்து நாப்பத்தஞ்சு மட்டும் எண்ணு," என்றார்.

அந்த வாரம் மாதிரி ஒரு வாரம் என் வாழ்க்கையில் இல்லை. அம்மாளாச்சியோடு கோபம். உன் வாசலுக்கு வந்ததற்கா எனக்கு இது என்று கேட்டேன். அவள் படத்தைக் கழற்றி வையுங்கள் என்று கணவரிடம் சொன்னேன். அவர் ஓம் என்று சொல்லிவிட்டுப் பூ வைத்துவிட்டுப் போனார். மலருக்கு எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. மாதம் முடிய என் பகுதியும் போய்விடும். படுத்தால் நித்திரை இல்லை, இருந்தால் இருப்புக் கொள்ளவில்லை. கடைசியில் ஒரு வியாழக்கிழமை, அழுது களைத்தபிறகு, சும்மா சொன்னேன்: எனக்கு வழி தெரியவில்லை, நீ மலரைப் பார். நேர்த்தி வைக்கவில்லை. நாள் சொல்லவில்லை. சொல்லத் தெம்பும் இருக்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை பத்து மணி இருக்கும். படலை திறந்தது. மலரின் மாமியார். ஒரு கையில் நோய் வருத்தம் பார்க்க வருகிறவர்கள் கொண்டுவரும் பிஸ்கட் பெட்டி, மற்றக் கையில் மலர். முதல் தரம் நான் விழுந்தபோது இவர் வரவேயில்லை. பிள்ளைத்தாய்ச்சியை வருத்தக்காரர் வீட்டுக்குக் கூட்டி வருகிற வழக்கமும் எங்கள் பக்கம் இல்லை. கட்டிலடியில் நின்று என்னையும் என் காலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்கள் கோயில் வீதியிலை கிடந்து எங்கடை மலரின்ரை பேரைச் சொல்லிக் கத்தினியளாம். தூக்கின பெண்டுகள் சொல்லுதுகள். மெய்யோ மிஸி?"

அப்போதுதான் நான் என்ன கத்தினேன் என்று எனக்கே தெரிய வந்தது. ஓம் என்றேன்.

"பெத்த தாய்கூட இவளுக்காக அப்பிடி விழேல்லை," என்றார். "நீங்கள் எங்களிட்டை வரேலாது. பிள்ளை பிறக்குமட்டும் இவள் உங்களோடை நிக்கட்டும்."

இரண்டு மாதமாக எத்தனை வாதம் செய்தும் அசையாத மனுஷி! நான் என் காலால் போய்ச் செய்ய முடியாததை, அந்தக் கால் திரும்ப நழுவி மண்ணில் விழுந்தபோது அம்மாளாச்சி செய்துவிட்டாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, வீட்டில் ஓர் அறை சும்மாதான் கிடந்தது. மலர் அன்றே தங்கினாள். கட்டிலில் இருந்தபடியே காலையும் மாலையும் அவளுக்குப் பிரஷர் பார்த்தேன்.

அதன்பிறகு நடந்ததும் நான் திட்டம் போட்டதல்ல. மலர் மிஸி வீட்டில் நிற்கிறாள் என்ற கதை பரவ, மற்றப் பெண்களும் வரத் தொடங்கினார்கள். பிள்ளை நிறுக்கும் தராசை என் கணவர் விறாந்தைக் கூரை வளையில் கட்டினார். நான் கதிரையில் இருந்து நிறுப்பேன், எழுதுவேன், ஏசுவேன். மேலதிகாரி பார்க்க வந்த அன்று விறாந்தையில் கால் வைக்க இடமில்லை. பகுதியைப் பிரிக்கும் கதையை அவர் எடுக்கவேயில்லை. நான் ஓரிடத்தில் இருந்தேன், எலும்பும் தன்பாட்டில் பொருந்தியது.

ஆவணிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை. மத்தியானம் சோறு போட்டு வைத்திருந்த கோப்பையை மலர் தள்ளிவிட்டு, தலை இடிக்குது மிஸி, கண்ணுக்குள்ளை மின்னுது என்றாள். பிரஷர் பார்த்தேன். காலையில் இருந்த கணக்கு இல்லை, எங்கேயோ ஏறி நின்றது. வலிப்பு வரப்போகிறது என்று புரிந்துவிட்டது. கணவர் ஓடிப்போய் அயல்வீட்டாரின் லான்ட்மாஸ்டரைக் கொண்டுவந்தார். கையால் பிடித்து ஓட்டுகிற சின்ன உழவு மெஷின், பின்னால் ஒரு பெட்டி. அந்தப் பெட்டியில் வைக்கோல் பரப்பி, கட்டிய காலோடு நானும் ஏறி, மலரை இடப்பக்கம் சரித்துப் படுக்கவைத்துப் பிடித்துக்கொண்டேன். மண்ணெண்ணெய்ப் புகையும் குலுக்கமும். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு அந்தத் தூரம் முடியவே மாட்டேன் என்றது. வழியெல்லாம், தாயே இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்பது தவிர எனக்கு வேறு மந்திரம் வரவில்லை.

போய்ச் சேர்ந்தவுடன் டாக்டர் ஒப்பரேஷனுக்கு எடுத்தார். பின்னேரம் வெளியே வந்து, அரை மணித்தியாலம் பிந்தியிருந்தால் இரண்டு உயிரும் இல்லை என்றார். பிறந்தது பெண். சின்னஞ்சிறிசு, ஆனால் நல்ல குரல். சைக்கிளில் பின்னால் வந்து சேர்ந்த மாமியார், தாதி கொடுத்த குழந்தையைத் தான் வாங்கவில்லை.

"முதல்ல மிஸியின்ரை கையிலை குடுங்கோ," என்றார்.

நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஏந்திய கை இது. அன்று அந்தப் பிள்ளையை வாங்கினேன். ஆஸ்பத்திரி விறாந்தையின் நிலத்தில் கால் நீட்டி இருந்து, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, வெட்கமில்லாமல் அழுதேன். நான் கேட்டபடி தேர் அன்று கால் சரியாகியிருந்தால் என்ன நடந்திருக்கும்? வழக்கம்போல் புதன்கிழமை போய்ப் பார்த்திருப்பேன். சனிக்கிழமை மலர் அந்தக் கொட்டிலில் கிடந்திருப்பாள்.

புரட்டாதியில் கட்டு அவிழ்ந்தது. இடது கால் ஒரு நூல் குறைவுதான், கொஞ்சம் சாய்ந்து நடக்கிறேன். பழையபடி சைக்கிளும் ஓடுகிறேன், எட்டுக் கிராமமும் பார்க்கிறேன். குழந்தைக்கு இப்போது மூன்று வயது, வாய் ஓயாமல் கதைக்கிறாள்.

இதை வாசிக்கும் சகோதரிகளே, சகோதரர்களே, அமைதியானவர்கள்தான் கும்பிடலாம் என்று நினைத்து யாரும் ஒதுங்கி நிற்க வேண்டாம். நான் இன்றும் அவசரக்காரிதான். இன்றும் அம்மாளாச்சியோடு சண்டை பிடிக்கிறேன். நாள் குறித்துக் கொடுப்பதை மட்டும் விட்டுவிட்டேன். உங்களுக்கு என்ன இடரோ, அதைப் போய் அவளிடம் சொல்லுங்கள். அழுது சொல்லுங்கள், கோபித்துச் சொல்லுங்கள், விழுந்து கிடந்து கத்துங்கள். என்ன கத்துகிறோம் என்று நமக்குத் தெரியாவிட்டாலும் அம்மாளாச்சிக்குக் கேட்கும்.