எங்க வீட்டு ஆளுதான் சார்!

கொரோனா இரண்டாவது அலை கொஞ்சம் அடங்கிய பிறகு, கடை திறக்கலாம், ஆனால் ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது, பார்சல் மட்டும்தான் என்று சொல்லிச் சொல்லி நீட்டித்துக்கொண்டே போனார்களே, அப்போது நடந்தது இது. காரைக்காலில் கோவில்பத்துப் பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன மெஸ் இருக்கிறது. முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் ஒரே ஒரு கதவு. சமையல் என் வீட்டுக்காரர். பரிமாறுவது, கல்லாவில் உட்காருவது, வருகிறவர்களோடு வாயடிப்பது எல்லாம் நான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நோய் பொய் என்று சொல்கிற ஆள் இல்லை நான். என் நாத்தனார் வீட்டுக்காரரை அந்த அலையில்தான் பறிகொடுத்தோம். கடைசியாக முகம்கூடப் பார்க்க விடவில்லை. அதனால் முதலில் கடையை மூடு என்றபோது மறுபேச்சு பேசாமல் மூடினோம். என் எரிச்சல் அதற்கப்புறம் வந்தது. சாராயக் கடை வாசலில் ஒருத்தர் முதுகில் ஒருத்தர் ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள், கேட்பாரில்லை. பஸ் ஓட ஆரம்பித்ததும் மூன்று பேர் சீட்டில் நான்கு பேர். அதெல்லாம் பரவாயில்லையாம், எங்கள் கடை பெஞ்சில் உட்கார்ந்தால் மட்டும்தான் ஒட்டிக்கொள்ளுமாம். கொஞ்ச தூரம் போனால் தமிழ்நாடு, அங்கே ஒரு சட்டம், இங்கே ஒரு சட்டம். இந்த வாரம் விட்டுவிடுவார்கள் என்று நினைத்து டி.வி.யைப் போட்டால், கீழே 'நீட்டிப்பு' என்று ஓடும். அந்த வார்த்தையைப் பார்த்தாலே எனக்கு வயிறு காந்தும்.

எங்கள் கடைக்கு ஒரு பெரியவர் தினமும் மதியம் வருவார். எங்கள் ஊர்ப் பக்கம் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களைச் சொல்தா என்போம். அவரும் ஒரு சொல்தா. பென்ஷன் பிரான்சிலிருந்து வருகிறது, பிள்ளைகளும் அங்கேதான். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு இரண்டு தெரு தள்ளி அத்தனை பெரிய வீட்டில் ஒற்றை ஆளாக இருந்தார். சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு, குடையை ஊன்றிக்கொண்டு வந்து, கடைசி மேசையில் சுவரைப் பார்த்து உட்காருவார். மற்றவர்களெல்லாம் தெருவைப் பார்த்து உட்காருவார்கள், இவர் மட்டும் சுவரை.

காரணம் எனக்குத் தெரியும். அவருக்குக் கை நடுக்கம். சும்மா வைத்திருந்தாலே ஆடும், சாப்பிட எடுத்தால் இன்னும் அதிகமாக ஆடும். அதனால் அவருக்கு மட்டும் இலை கிடையாது. விளிம்பு உயரமான ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் சோற்றைப் போட்டு, குழம்பு ஊற்றி, மீனை முள் எடுத்து உதிர்த்து, கரண்டியோடு வைத்துவிட்டு நான் பாட்டுக்கு அந்தப் பக்கம் போய்விடுவேன். இதைப் பற்றி அவரும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. சாப்பிட்டு முடித்து, காசைக் கல்லாவில் வைத்து, "மெர்சிம்மா" என்பார், பிரெஞ்சில் நன்றி என்று அர்த்தம். அடுப்படியிலிருந்தே என் வீட்டுக்காரர் "மெர்சி, மெர்சி" என்று குரல் கொடுப்பார்.

பார்சல் மட்டும்தான் என்று ஆனதும் அவரும் பார்சல் வாங்கினார். நானும் எல்லோருக்கும் கட்டுவது போலவே கட்டிக் கொடுத்தேன். சோறு தனி, குழம்பு ஒரு பையில், ரசம் ஒரு பையில், மோர் ஒரு பையில். வழியில் சிந்தக் கூடாதே என்று ஒவ்வொரு பைக்கும் நூலைச் சுற்றிச் சுற்றி இறுக்கி ஒரு முடிச்சு. நாள் ஆக ஆக அவருக்குக் கன்னம் ஒட்டிக்கொண்டே வந்தது. கேட்டால், "வயசாகுதும்மா" என்பார். ஒரு தடவை இரண்டு நாள் ஆளையே காணோம். எனக்கு மனசு கேட்கவில்லை. பார்சலை எடுத்துக்கொண்டு நானே அவர் வீட்டுக்குப் போனேன்.

மோர்ப் பையை வைக்கலாம் என்று ஃபிரிட்ஜைத் திறந்தேன். உள்ளே தட்டு முழுக்க எங்கள் கடைக் குழம்புப் பைகள். நான் போட்ட முடிச்சு போட்டபடியே இருக்கிறது. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. அடுப்பு மேடையில் வெறுஞ்சோறு, பக்கத்தில் சர்க்கரை டப்பா.

எனக்குக் கோபம் வந்தது. "என்னய்யா இது? பிரிக்க வரலேன்னா ஒரு கத்திரிக்கோல எடுத்து வெட்ட வேண்டியதுதானே?" என்று சத்தம் போட்டேன்.

"வெட்டினேன்மா. அந்தச் செவுரப் பாரு" என்றார்.

பார்த்தேன். சுவரில் இடுப்பு உயரத்துக்குக் குழம்பு தெறித்துக் காய்ந்து கிடந்தது. துடைக்கப் பார்த்து, பாதியில் விட்டிருந்தார்.

"அப்ப இத ஏன் சேத்து வெச்சிருக்கீங்க?"

"உன் வீட்டுக்காரன் அடுப்புல வெந்து செஞ்சதும்மா. தூக்கிப்போட மனசு வரல."

அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். நானே தினமும் வந்து பரிமாறிவிட்டுப் போகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். முகம் சுண்டிவிட்டது அவருக்கு. "வீட்டுக்கு வந்து ஊட்டிவிடற நிலைமைக்கு வந்துட்டேனா நானு?" என்றார். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. அவர் நடந்து வரவேண்டும், உட்காரவேண்டும், சாப்பிட்டுக் காசு கொடுக்கவேண்டும். அதுதான் அவருக்கு வேண்டியது. பிச்சைக்கார நோய் அதையும் பிடுங்கிக்கொண்டது.

என் வீட்டுக்காரர்தான் யோசனை சொன்னார். "கடையிலதான உக்காரக் கூடாது? நம்ம வீட்டுல யாரு உக்கார்ந்தா அவனுங்களுக்கு என்ன?" மறுநாளிலிருந்து சந்து வழியாக வந்து எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். அங்கேயும் சுவரைப் பார்த்துத்தான். அவர் ஒருவர்தான், கூட்டமெல்லாம் இல்லை. நானும் வாயை மூடிக்கொண்டுதான் பரிமாறினேன், முகக்கவசம் இல்லாமல் அவர் கிட்டே போனதில்லை. கொஞ்ச நாளில் கன்னத்தில் சதை பிடித்தது. மெர்சியும் திரும்பி வந்தது. எனக்குப் பெருமையான பெருமை.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. அவர் கிறிஸ்தவர், வெள்ளிக்கிழமை கறி தொடமாட்டார், மீன் சாப்பிடுவார். அவருக்கென்று கொடுவா மீன் போட்டிருந்தோம். பாதிச் சாப்பாட்டில் வாசலில் ஜீப் வந்து நின்றது. விதி மீறுகிறார்களா என்று பார்க்க வந்த ஆட்கள். ஒரு அதிகாரி, கூட இரண்டு பேர், ஒரு போலீஸ்காரர். முன்னால் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது, பெஞ்செல்லாம் கவிழ்த்துப் போட்டிருந்தோம். அந்த அதிகாரி விடுவிடுவென்று அடுப்படி தாண்டி, நடுக் கதவைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டார்.

"யாரு இவரு?"

"எங்க வீட்டு ஆளுதான் சார்! எங்க பெரியப்பா" என்றேன். பொய்தான். இன்றைக்குக் கேட்டாலும் அதே பொய்யைச் சொல்வேன்.

"இங்கயே இருக்காரா?"

"பக்கத்துத் தெரு சார். பெரியம்மா தவறிட்டாங்க, புள்ளைங்கல்லாம் வெளிநாட்டுல. நாங்கதான் சோறு போடுறோம்."

அதிகாரி தலையை ஆட்டினார். "சரி, வீட்டு ஆளுன்னா தப்பில்ல. கதவச் சாத்திக்கிட்டுச் சாப்பிடச் சொல்லுங்க" என்று திரும்பிவிட்டார். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

அந்த நேரம் பார்த்து இவர் கரண்டியைக் கீழே வைத்தார். சுவர்ப் பக்கமிருந்து திரும்பி எழுந்தார். அந்த வயதிலும் நிமிர்ந்து நின்றார்.

"மன்னிக்கணும் சார். எனக்கு யாரும் சோறு போடல. நான் காசு குடுத்துச் சாப்பிடறவன். பல வருஷமா இந்தக் கடை வாடிக்கை. ஒருநாளும் ஓசியில சாப்பிட்டதில்ல."

சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து மேசையில் வைத்தார். நான் கண்ணைக் காட்டுகிறேன், கையைக் காட்டுகிறேன், ம்ஹூம். "ஐயா, செத்த சும்மா இருங்கய்யா!" என்று கத்திவிட்டேன். பெரியப்பா என்று சொன்ன வாய் மூடுவதற்குள் ஐயா என்கிறது. கூட வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். நான் சொன்னதில் பெரியப்பா என்ற பொய்யை அவர் பொறுத்துக்கொண்டார். சோறு போடுறோம் என்று ஒரு வார்த்தை சொன்னேனே, அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. நம் ஊரில் அந்த வார்த்தையை யாருக்குச் சொல்வோம்? நாதியற்றவனுக்குச் சொல்வோம்.

அதிகாரிக்கு முகமே மாறிவிட்டது. "என்ன பெருசு, இந்த வயசுல வீட்டுல அடங்கிக் கிடக்க முடியலியா? ஓட்டல் சாப்பாடு கேக்குதா?" என்றார். பிறகு கூட வந்தவரிடம், "போட்டோ எடுய்யா. ஆளு, கிண்ணம், எல்லாம் வரணும்" என்றார். அதோடு விட்டிருக்கலாம். "பெருசு, அந்தக் கரண்டியக் கையில எடு. சாப்பிடற மாதிரி இருக்கணும்."

அவர் எடுத்தார். மேலே இருக்கிறவர் சொன்னால் செய்தே பழகிய உடம்பு. பதற்றத்தில் என்றைக்கும் இல்லாத நடுக்கம். கரண்டி கிண்ணத்தில் கடகடவென்று அடித்துக்கொண்டது. சோறு சட்டையிலும் மேசையிலும் சிதறியது.

"ஆடாம புடி பெருசு, போட்டோ கலங்குது."

"அவரு கையி அப்படித்தான் சார்! கண்ணு தெரியல ஒங்களுக்கு?" என்று நான் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. அதற்கும் சேர்த்துத்தான் கடைக்குச் சீல் வைத்தார்கள். என் வீட்டுக்காரர் கையில் அகப்பையோடு அப்படியே நின்றார். அடுப்பில் இருந்ததை இறக்கக்கூட நேரம் கொடுக்கவில்லை. அந்தக் களேபரத்தில் பெரியவர் எப்போது சந்து வழியாகப் போனார் என்று எனக்குத் தெரியாது. மேசையில் அவர் வைத்த நோட்டு மட்டும் இருந்தது.

சாயங்காலத்துக்குள் அந்தப் படம் ஊரிலிருக்கிற வாட்ஸ்அப் எல்லாவற்றுக்கும் போய்விட்டது. விதியை மீறிய ஓட்டலுக்குச் சீல் என்று எழுதி, கீழே இவர். சட்டையெல்லாம் சோறு, பாதி திறந்த வாய், கையில் கரண்டி. எத்தனையோ வருடம் யார் கண்ணிலும் படக்கூடாது என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்து மறைத்ததை ஒரே நாளில் ஊருக்கே காட்டிவிட்டார்கள். சிரிக்கிற பொம்மை போட்டு அனுப்பிய மகராசர்களும் உண்டு. படம் பிரான்சு வரைக்கும் போனது. அவர் மகள் என் போனுக்கே கூப்பிட்டு, "எங்க அப்பாவ வெச்சு ஏன் இப்படி அசிங்கப்படுத்துறீங்க?" என்று கேட்டாள். அவள் அழுதாள், நானும் அழுதேன். அதே வாரம் ஊரில் ஒரு வசதியான வீட்டு விசேஷத்தில் பந்தி பந்தியாகப் பிரியாணி போட்டார்கள். அங்கே எந்த ஜீப்பும் போகவில்லை.

கேரியரில் சோறு எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கேட்டைத் திறக்கவில்லை. உள்ளே நின்றபடியே, "உன் கடைய நான்தாம்மா மூட வெச்சேன்" என்றார்.

"நீங்க எங்கய்யா மூடினீங்க? மூடினவன் ஜீப்புல போறான்" என்றேன்.

"போம்மா, வெயிலா இருக்கு" என்று உள்ளே போய்விட்டார். கேரியரைக் கேட்டில் மாட்டிவிட்டு வந்தேன். மறுநாள் போனால் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். சாப்பிட்டாரா, நாய்க்குப் போட்டாரா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள தைரியமும் இல்லை.

பிறகு சீலை எடுத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்வு, தளர்வு என்று ஒவ்வொன்றாக விட்டார்கள். பாதி மேசை போடலாம் என்றார்கள், அப்புறம் முழு மேசையும் போடலாம் என்றார்கள். பெஞ்சையெல்லாம் நிமிர்த்திக் கழுவிவிட்ட அன்றைக்கு எனக்குக் கல்யாண வீடு மாதிரி இருந்தது. மதியம் குடையை ஊன்றிக்கொண்டு அவர் வந்தார். கிண்ணத்தை எடுக்க நான் உள்ளே ஓடினேன்.

"இல்லம்மா. ஒரு சாப்பாடு பார்சல்" என்றார் வாசலிலேயே நின்று.

"இனிமே உக்காந்தே சாப்பிடலாம்யா. ஆர்டரே போட்டுட்டாங்க. உள்ள வாங்க."

"தெரியும்மா. பார்சலே பழகிடுச்சு."

என் வீட்டுக்காரர் அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்து கையைப் பிடித்துக் கூப்பிட்டார். பிடித்த கையை மெதுவாக எடுத்துக்கொண்டாரே தவிர வாசற்படி ஏறவில்லை. அன்றைக்கு நான் முடிச்சே போடவில்லை. மீனை முள் எடுத்து, குழம்பு ஊற்றிப் பிசைந்து, மூடி லேசாகத் திறக்கிற டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். இன்றுவரை அப்படித்தான் கொடுக்கிறேன்.

இப்போது யாரும் முகக்கவசம் போடுவதில்லை. எங்கள் கடையில் தோளோடு தோள் உரச உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், இடம் கிடைக்காமல் சண்டைகூடப் போடுகிறார்கள். அந்த அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டாராம், இந்தப் பெரியவரை நினைவிருக்குமா என்பதே சந்தேகம். கொரோனாக் காலம் முடிந்துபோன கதை என்று யாராவது பேச்செடுத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஊருக்கெல்லாம் தளர்வு கொடுத்து முடித்த பிறகும், உட்கார்ந்து சாப்பிட எல்லா உரிமையும் உள்ள ஒரு மனிதர் தினமும் மதியம் எங்கள் கடை வாசலில் நின்றுகொண்டுதான் இருக்கிறார்.