புல்லுக்குத் தண்ணீர் விட்டார்கள்

எங்கள் வீட்டில் டிவிக்குச் சத்தம் வைப்பதில்லை. வைத்தும் பயனில்லை. இரண்டு பட்டுத்தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினால்தான் காதில் விழும். கோர்வைச் சேலைக்கு ஒரு பக்கக் கரையை ஓட்டத் தனியாக ஒரு ஆள் உட்கார வேண்டும். என் வீட்டுக்காரர் நெய்வார், நான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கரைக்கு ஊடைநூல் வைத்த நாடாவைத் தள்ளுவேன். கை வேலையில் இருக்கும், கண் அவ்வப்போது டிவிக்குப் போய்வரும். அடியில் ஓடுகிற எழுத்தைப் படித்துக்கொள்வோம். எங்கள் தெருவில் முக்கால்வாசி வீட்டுக்கு உலகச் செய்தி அவ்வளவுதான்.

அந்த நாட்டில் சண்டை வந்ததும் அப்படித்தான் தெரிந்தது. எந்த நாடு என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால் படிக்கிறவர்கள் உடனே கட்சி பிரிந்துவிடுவார்கள், சொல்ல வந்தது போய்விடும். அங்கே ஒரு பெரிய கிரிக்கெட் தொடர் நடக்க இருந்தது. எழுத்து இப்படி ஓடியது: போட்டி ரத்து. ரசிகர்கள் ஏமாற்றம். வீரர்கள் பத்திரமாக நாடு திரும்பினர். டிக்கெட் பணம் எப்போது கிடைக்கும்? மேலே படத்தில் அந்த மைதானம். பச்சைப்பசேலென்று புல், நாலு பக்கமும் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது. பார்க்கக் குளிர்ச்சியாக இருந்தது.

எங்களுக்கு அடுத்த வீட்டு பாய் அந்த ஊரில்தான் சமையல் வேலையில் இருந்தார். அவரும் அவருடைய தம்பியும். ஒரே வீட்டில் வளர்ந்து, ஒரே விமானத்தில் போனவர்கள். சண்டை தொடங்கியதும் இரண்டு பேருடைய போனும் நின்றுவிட்டது. பாயின் மனைவி தினமும் வந்து எங்கள் டிவி எதிரில் நிற்பாள். தெருவே அவளுக்கு ஒரே ஆறுதலைச் சொன்னது.

"பாரு, கிரவுண்டுக்குத் தண்ணி வுட்டுக்கினு இருக்கான். ஊரு எரிஞ்சிக்கினு இருந்தா புல்லுக்கு எவன்மா தண்ணி வுடுவான்? நல்லாத்தான் இருப்பாங்க, போ."

அவளும் தலையை ஆட்டிவிட்டுப் போவாள்.

பாய் தனியாகத்தான் திரும்பி வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். இடது கை விரல்கள் மடங்கவில்லை. வந்த சில நாள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. பிறகு ஒரு காலை என் வீட்டுக்காரரைத் தேடி வந்து தறி ஓரமாக உட்கார்ந்தார். டிவியில் அதே மைதானம், அதே தண்ணீர். தொடர் வேறு நாட்டுக்கு மாறுகிறது என்று எழுத்து ஓடியது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நாங்க அங்கதான் இருந்தோம்" என்று உரக்கச் சொன்னார்.

நான் நாடாவை நிறுத்தினேன். ஒரு பக்கம் நின்றால் தறியே நின்றுவிடும். என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கி, "இன்னா பாய், மேட்சு பாக்கவா போனீங்க?" என்றார். கிண்டலாகத்தான் கேட்டார், விஷயம் தெரியாமல்.

"கேலரிக்குக் கீழ ரூம்பு இருக்குதுல்ல, அதுல அடச்சி வெச்சாங்க. வெளிநாட்டு ஆளுங்க எல்லாரையும். உளவு பாக்க வந்தவன்னு சொல்லி அடிச்சாங்க. பகல்ல மண்மூட்ட தூக்கணும். கூட்டிக்கினு போன ஆளுங்க சிலபேரு திரும்பி வரல. குடிக்கத் தண்ணி கேட்டா அதுக்கும் அடி. மேல பைப்புல தண்ணி ஓடுற சத்தம் மட்டும் கேட்டுக்கினே இருக்கும். புல்லு காயக் கூடாதாம். மறுபடியும் மேட்சு நடத்தணுமாம்."

முதலாளி வந்து கையெழுத்துப் போட்ட ஆட்களை மட்டும் வெளியே விட்டிருக்கிறார்கள். பாயின் முதலாளி வந்தார். தம்பியின் முதலாளி ஊரைவிட்டே ஓடிவிட்டார். தம்பி இன்னும் அந்தக் கேலரிக்குக் கீழேதான் இருக்கிறான். இருந்தால்.

தம்பியை மீட்டுத் தரச் சொல்லி கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் போனோம். பாய், அவர் மனைவி, நான். எனக்கு வாய் உண்டு என்று என்னைக் கூட்டிப்போனார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஊர் பேரைப் படித்துவிட்டு, "ஓ, மேட்சு கேன்சல் ஆச்சே, அந்த ஊரா? பிளேயருங்கல்லாம் சேஃபா வந்துட்டாங்களே" என்றார்.

"பிளேயரு வந்துட்டான் சார். இவரு தம்பி வரல" என்றேன்.

"அப்படி இருந்தா டிவில சொல்லியிருப்பாங்களேம்மா. நான் தினம் நியூஸ் பாக்குறேன்."

மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த ஆள் கெட்டவர் இல்லை. அவருக்கும் அந்த ஊர் என்றால் ஒரு ரத்தான போட்டி, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அப்படித்தான் அவர் மண்டையில் ஏற்றியிருந்தார்கள்.

டிவியில் வந்தால்தான் நம்புவார்கள் என்றால் டிவிக்கே போவோம் என்று உள்ளூர் கேபிள் சேனலுக்குச் சொன்னோம். ஒரு செய்தியாளர் கேமராவோடு பாய் வீட்டுக்கு வந்தார். மரியாதையான பிள்ளைதான். பாய் எல்லாவற்றையும் சொன்னார். அடைத்த இடம், அடி, திரும்பி வராதவர்கள், தம்பியின் பேர், வயது, போட்டிருந்த சட்டை. நடுவில் செய்தியாளர், "மேட்ச் நடக்காதது பத்தி என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டார். பாய் கொஞ்சம் யோசித்துச் சொன்னார்:

"மேட்சு நடந்திருந்தா நல்லா இருந்திருக்கும் தம்பி. வெளிநாட்டு ஜனங்க, கேமரா எல்லாம் வந்திருக்கும். எங்கள அங்க அடச்சி வெச்சிருக்க முடியாது."

ஒளிபரப்பாகும் அன்று தெருவே எங்கள் வீட்டில் கூடியது. எங்களுடைய டிவி பெரியது. அமாவாசைக்கும் தெருவில் சாவுக்கும் தவிர நாங்கள் தறியை நிறுத்துவதில்லை. அன்று நிறுத்தினோம். எதிர் வீட்டிலும் நிறுத்தச் சொல்லி என் வீட்டுக்காரர் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். பாய் பேசுவது காதில் விழ வேண்டும் அல்லவா. ரொம்ப நாளைக்குப் பிறகு எங்கள் டிவிக்குச் சத்தம் வைத்தேன்.

முதலில் அந்தப் புல் வந்தது. அந்தத் தண்ணீர் வந்தது. பின்னால் சோகமான இசை. பிறகு பாயின் முகம், ஒரே ஒரு வரி: "மேட்சு நடந்திருந்தா நல்லா இருந்திருக்கும் தம்பி." அதோடு வெட்டிவிட்டார்கள். மறுபடி புல். அடியில் எழுத்து: கிரிக்கெட் கனவு கலைந்தது, ஊர் திரும்பிய சமையல்காரர் வேதனை. அதற்கப்புறம் ஒரு நகைக்கடை விளம்பரம்.

 பாயின் மனைவி, "அவ்ளோதானா?" என்று என்னைக் கேட்டாள். நான் அங்கேயே செய்தியாளருக்குப் போன் போட்டேன்.

"அக்கா, நான் ஃபுல்லா எழுதித்தான் கொடுத்தேன். மேட்சுன்னு போட்டாத்தான் பாப்பாங்கன்னு மேல சொல்லிட்டாங்க."

"அவரு தம்பி பேர எங்கபா காணோம்?"

"டைம் பத்தலக்கா."

"நகைக்கடைக்காரனுக்கு டைம் இருந்துச்சே."

வைத்துவிட்டார். நான் திட்டிய மீதியை இங்கே எழுத முடியாது.

எதிர் வீட்டு ஆள் எழுந்து, "சரி, தறிய ஓட்டலாம்" என்றார். என் வீட்டுக்காரர், "உக்காருபா. நிறுத்தினது டிவிக்கா? பாய் பேசறதக் கேக்கத்தான நிறுத்தினோம். அவரு இங்கதான இருக்காரு" என்றார். டிவியை அணைத்தார். நான் வீடியோ எடுக்க என் போனைத் தறிக்கட்டையில் சாய்த்து வைத்தேன். பாய் மறுபடி முதலிலிருந்து சொன்னார். இசை இல்லை, புல் இல்லை. நடுவில் அவர் குரல் நின்றபோது அப்படியே நிற்கட்டும் என்று விட்டோம். அவர் முடிக்கும் வரை தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை.

அந்தப் போனை எடுத்துக்கொண்டு மறுபடி அதே மேஜைக்குப் போனோம். சத்தத்தை முழுசாக வைத்து அவர் எதிரில் நீட்டினேன். வரிசையில் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். கேலரிக்குக் கீழே தண்ணீர்ச் சத்தம் கேட்ட இடம் வந்ததும் அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இதெல்லாம் டிவில சொல்லவே இல்லியேம்மா."

"அதுக்குத்தான் சார் வந்துக்கிறோம்" என்றேன்.

மனுவை வாங்கி முத்திரை குத்தினார். மேலே அனுப்புவதாகச் சொன்னார். அனுப்பியும் இருக்கிறார், அதற்கு ஒரு காகிதம் வந்தது. தம்பி வரவில்லை.

தொடர் வேறு நாட்டில் நடந்து முடிந்தது. பழைய மைதானத்தில் அடுத்த வருடம் போட்டி நடக்கலாம் என்று போன வாரம் எழுத்து ஓடியது. பாய் அதைப் படித்துவிட்டு, "நடக்கட்டும்கா. கூட்டம் வந்தா கேலரியத் தொறந்துதான ஆவணும்" என்றார். அவருக்கு அதில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. எனக்கு இல்லை. ஆனால் அவரிடம் அதைச் சொல்லவில்லை. நாடாவைத் தள்ளினேன்.