அக்கா மறந்த சொல்

துறைமுக வேலைக்கென்று திருகோணமலைக்கு வந்த எங்கள் அப்பா தூத்துக்குடிப் பக்கத்துக் கத்தோலிக்கர். ஓலை வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் காயல் பக்கத்து முஸ்லிம்கள். சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார்கள். ஊர்ச் சனத்துக்கு இரண்டு வீடுமே ‘அக்கரையார்’தான். “வேதம் வேற, வந்த கடல் ஒண்டு” என்று அப்பா சொல்லிச் சிரிப்பார்.

அந்த வீட்டு அம்மாவை, அக்கா என்கிற பொருளில், நாங்கள் எல்லோரும் லாத்தா என்போம். அவர் வீட்டுச் சொற்கள் எங்கள் வாயில் எப்போது குடியேறினவோ, தெரியாது.

என் அக்காவைப் பெண் பார்க்கக் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தார்கள். எங்கள் கரைச் சனம், ஞாயிறு பூசை தவறாதவர்கள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்ததால் அம்மா காலையிலிருந்து பச்சைத்தண்ணி குடிக்கவில்லை. லாத்தா எங்கள் குசினியில் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தார்.

“பெரியப்பா வரேல்லியா?” என்று மாப்பிள்ளையின் தாய் கேட்டார்.

“அவர் போன வருசம் மவுத்து” என்றாள் அக்கா. இறந்துபோனதை லாத்தா வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள்.

அந்த அம்மா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். “என்ன சொல்லுதா இவ? வேதக்காரப் பிள்ள வாயில வாற சொல்லா இது? செபமாலையாவது தெரியுமா? கிருபை தயாபத்துச் சொல்லும்மா, கேப்பம்.”

செபமாலை முடிவில் நாங்கள் தினமும் சொல்லும் மந்திரம். அக்கா தொடங்கினாள். “எங்கள் மதுரமே வாழ்க” வரைக்கும் வந்து நின்றுவிட்டாள்.

குசினிக்குள்ளிருந்து மெல்ல ஒரு குரல்: “பரதேசிகளாயிருக்கிற...”

அக்கா அதைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை சொல்லி முடித்தாள்.

“ஆரது?”

முக்காட்டை இழுத்துவிட்டபடி லாத்தா கதவடிக்கு வந்தார். “நான் ஓதல்லம்மா. பொழுதுபட்டா இந்த வீட்டுச் சத்தம் வேலியால வரும். அந்த இடம் வந்தா எனக்குக் கைவேலை நிண்டுரும். அக்கரைலருந்து வந்த எங்களையும் சேத்துச் சொல்றாப்புல இருக்கும்.”

மாப்பிள்ளையின் தாய் கதிரையை அவர் பக்கம் திருப்பிப் போட்டார். பிறகு எங்கள் அம்மாவை விட்டுவிட்டு அவரிடமே கேட்டார்: “பிள்ள குணம் எப்பிடி?”

நல்லதாய்ச் சொல்லு என்று அம்மா கண்ணால் கெஞ்சினார். லாத்தா அந்தப் பக்கமே திரும்பவில்லை.

“கோவம் வரும். கறி ஆணத்துக்கு உப்பக் கூடுதலாப் போட்டுருவா. பொய் மட்டும் அவளுக்கு ஏலாது.”

“என் மகனுக்கு உப்புக் குறைஞ்சாத்தான் வருத்தம்” என்ற அந்த அம்மா, அப்பா பக்கம் திரும்பினார். “கோயில்ல மூணு ஞாயிறு கலியாண ஓலை வாசிக்கணுமே. சாமியார்ட்ட எப்பச் சொல்லப் போறிய?”

அப்பா கதிரையை விட்டு எழும்பிச் செருப்பைத் தேடினார்.